கால் பணம், முழத் துண்டு, வாய்க்கரிசி

ஸ்பெஷல் நாடகத்தில் இரவு பத்து மணிக்கு உட்கார்ந்திருப்பது கூட்டம். விடியக்காலை மூன்று மணிக்கு மிச்சம் இருப்பதுதான் சனம். பபூனும் டான்ஸும் தர்க்கம் பண்ணி முடிக்கிற வரைக்கும் பிள்ளைகுட்டிகளும் இளவட்டங்களும் இருப்பார்கள். அப்புறம் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். காரைக்குடியைச் சுற்றி, கல்லல், தேவகோட்டை, திருப்பத்தூர், அந்தப் பக்கம் திருமயம் வரைக்கும் அம்மன் கோயில் திருவிழா என்றால் பல ஊர்களில் ஒரு ராத்திரி வள்ளி திருமணம், மறு ராத்திரி அரிச்சந்திரா மயான காண்டம் என்று நோட்டீஸ் அடிப்பார்கள். வள்ளிக்கு விடியும்வரை கூட்டம் தாங்கும். மயானத்துக்குத் தாங்காது. தாங்கி உட்கார்ந்திருக்கிற அந்தச் சனத்தை நம்பித்தான் இத்தனை வருஷமாக நான் அரிச்சந்திரன் வேஷம் கட்டுகிறேன். ராஜபார்ட் என்று பெயர். மேடையில் ராஜாவாக நிற்கிற நேரம் கொஞ்சம்தான்.

எங்கள் நாடகத்தைப் பார்த்திராதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதற்கு ஒத்திகை கிடையாது, டைரக்டர் கிடையாது. ஸ்திரீபார்ட் மதுரையிலிருந்து வருவார், ஆர்மோனியம் புதுக்கோட்டையிலிருந்து, மிருதங்கம் திண்டுக்கல்லிலிருந்து. அரிதாரம் பூசும்போதுதான் ஒருவரை ஒருவர் சௌக்கியமா என்று கேட்டுக்கொள்வோம். பாட்டு எல்லோருக்கும் பாடம். வசனத்தில் பாதி அந்த மேடையிலேயே பிறப்பது. எதிரே இருக்கிறவர்கள் ‘ச்சூ’ கொட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் அடுத்த வசனம் அதற்குத் தக்கபடி மாறும். சனம் என்ன நினைக்கிறது என்று மறுநாள் யாரும் எங்களுக்கு வந்து சொல்ல வேண்டியதில்லை.

அரிச்சந்திரன் கதை ஊரறிந்தது. ஆனால் அதன் தொடக்கத்தை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. இந்திர சபையில் வசிட்டருக்கும் விசுவாமித்திரருக்கும் வாதம்: பொய்யே சொல்லாத ராஜா ஒருவன் உண்டா இல்லையா. வாதம் பந்தயமாகிறது. மேலே இருக்கிறவர்கள் கட்டிய பந்தயத்துக்குக் கீழே ஒரு குடும்பம் நாட்டை இழக்கிறது, கட்டின துணி வரைக்கும் இழக்கிறது, விசுவாமித்திரருக்குப் பட்ட கடனுக்காகக் காசித் தெருவில் வந்து நிற்கிறது. பெண்டாட்டி சந்திரமதியையும் பிள்ளை லோகிதாசனையும் காலகண்டையருக்கு விற்றுவிட்டு, பாக்கிக்குத் தன்னைச் சுடுகாட்டு ஆண்டை வீரவாகுவிடம் விற்றுக்கொள்கிறான் ராஜா. கடனை வசூல் பண்ணக் கூடவே வருகிற நட்சத்திரையர் வேஷத்தைப் பபூன் கட்டுவார். ‘கால் வலிக்குது, என்னைத் தூக்கிக்கிட்டுப் போ’ என்று அவர் படுத்துகிற பாட்டில் சிரிப்பு அள்ளிக்கொண்டு போகும். அந்தச் சிரிப்பு அடங்குகிறதுக்குள் விற்பனையைத் தொடங்கிவிட வேண்டும். வாயில் சிரிப்பு இருக்கும்போதே விலை காதில் விழ வேண்டும்.

நிறைய ராஜபார்ட்டுகள் இந்த இடத்தில் முகாரியை எடுத்து உருகிவிடுவார்கள். உருகினால் கைதட்டு உண்டு. அன்பளிப்பு வரும், கொடுத்தவர் பெயரை மைக்கில் சொல்லலாம். ஆனால் விற்கிறவனே அழுதுவிட்டால் பார்க்கிறவர்களுக்கு வேலை இல்லை. பாவம், அவனே அழுகிறான் என்று விற்றதை மன்னித்துவிடுவார்கள். நான் அழுவதில்லை. மாட்டுத் தாவணியில் பல்லைப் பிடித்துக் காட்டுகிற தரகர் மாதிரி, நன்றாக வேலை செய்வாள், வியாதி வெக்கை கிடையாது, பையனும் சுள்ளி பொறுக்குவான் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவேன். பெண்கள் பக்கம் அப்போது வருகிற சத்தத்தைக் கேட்டால் தெரியும், யாரும் தூங்கவில்லை என்று.

முன்னெல்லாம் அந்தச் சத்தம் விசுவாமித்திரரைத் திட்டுகிற சத்தம். ‘முனிவனா அவன், நாசமாப் போக’ என்பார்கள். இப்போது என்னைத் திட்டுகிறார்கள். ஒரு தடவை சந்திரமதி கட்டிய பெண், பாடத்தில் இல்லாத ஒரு வரியைப் போட்டார்: “நாதா, சத்தியம் உங்களது. விலை மட்டும் எனக்கா?” பெண்கள் பக்கம் கைதட்டு விழுந்தது. ஆர்மோனியக்காரர் பதறிப்போய் அடுத்த பாட்டுக்குச் சுருதியைக் கொடுத்துவிட்டார். நான் பாடவில்லை, பதிலும் சொல்லவில்லை. தர்க்கத்தில் பதில் சொல்லாமல் நிற்பது ராஜபார்ட்டுக்கு அழகில்லை என்று எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஆனால் அரிச்சந்திரனிடம் இதற்குப் பதில் இல்லையே! இல்லாத பதிலை நான் எங்கே போய்க் கொண்டுவருவது? அன்றிலிருந்து எந்தச் சந்திரமதி வந்தாலும், அந்த வரி அவர்களுக்குப் பிடித்திருந்தால் போடச் சொல்கிறேன்.

அடுத்தது மயானம். தர்ப்பை அறுக்கப் போன லோகிதாசனைப் பாம்பு தீண்டிவிடுகிறது. எசமான் வீட்டு வேலை முடிந்த பிறகுதான் தாய்க்கு விடுதலை. ராத்திரியில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். காவல்காரன் கூலி கேட்கிறான்: கால் பணம், முழத் துண்டு, வாய்க்கரிசி. வாய்க்கரிசி என் பங்கு, அதை விட்டுவிடுகிறேன். மற்ற இரண்டும் ஆண்டைக்குச் சேர வேண்டியவை, விட எனக்கு அதிகாரம் இல்லை என்கிறான். இல்லாவிட்டால் கழுத்தில் தாலி கிடக்கிறதே, அதை விற்றுக் கொண்டு வா என்கிறான். அந்தத் தாலி புருஷன் ஒருவன் கண்ணுக்குத்தான் தெரியும். அதை வைத்துத்தான் எதிரே நிற்பது யார் என்று அவளுக்குத் தெரிகிறது. சேர்ந்து அழுகிறார்கள். அழுது முடித்த பிறகும் அவன் கூலியை விடவில்லை.

கல்லல் பக்கம் ஒரு ஊரில், கூலி கேட்கிற கட்டத்தில், ஒரு ஆத்தா முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே மேடைக்கு வந்துவிட்டார். ஐந்து ரூபாய் நாணயம். “இந்தாய்யா கால் பணம். பிள்ளைய எரிக்க விடு.” வாங்காவிட்டால் அவரை அவமதித்ததாகும். வாங்கிவிட்டால் கதை அங்கேயே நின்றுபோகும். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிறகு சந்திரமதி பக்கம் திரும்பி, “ஆண்டைக்குக் கால் பணம் வந்துவிட்டது. முழத் துண்டு எங்கே?” என்றேன். ஆத்தா படியில் நின்று திரும்பிப் பார்த்தார். “நீயெல்லாம் ஒரு மனுசனாடா” என்றார். முன்மைக் அதைப் பிடித்துவிட்டது. மைதானம் முழுக்கக் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. தாளம் தட்டுகிற ஆல்ரவுண்டுக்காரர் கூடக் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

எங்கள் தொழிலுக்குத் தலைமை ஆசான் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). படத்துக்குச் சூடம் காட்டாமல் நாங்கள் மேடை ஏறுவதில்லை. எமனாகவும் சனீஸ்வரனாகவும் அவர் வந்து நின்றதைப் பார்த்துக் கர்ப்பிணிகள் அதிர்ந்து போனதாகவும், அதன் பிறகுதான் அவர் வேஷம் கட்டுவதை விட்டுவிட்டு நாடகம் எழுதுவதிலும் பிள்ளைகளைப் பழக்குவதிலும் இறங்கியதாகவும் வழிவழியாக ஒரு கதை உண்டு. அது பயம். மயான காண்டத்தில் சனத்துக்கு வருவது பயம் இல்லை. எமனைப் பார்த்தால் பயப்படலாம், அவன் தொழில் அது. நல்லவன் ஒருவன், யாரும் கையைக் கட்டாமல், விதிப்படி ஒரு கொடுமையைச் செய்யும்போது என்ன செய்வது என்று சனத்துக்குத் தெரியவில்லை. யாரையாவது திட்ட வேண்டும், யாரை என்று தெரியவில்லை.

பேத்தி அழகப்பா பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவள்தான் ‘ஸ்க்விட் கேம்’ என்ற கொரியத் தொடரை வீட்டு டிவியில் போட்டாள். 2021 செப்டம்பரில் வந்தது, ஹ்வாங் டாங்-ஹ்யூக் எழுதி இயக்கியது. கடனில் முழுகிப்போன 456 பேரைக் கூட்டிவந்து சின்னப்பிள்ளை விளையாட்டுகளை ஆடவிடுகிறார்கள். தோற்றால் சாவு, ஜெயித்தால் பணம். நடுவில் ஓட்டெடுத்து வீட்டுக்கும் அனுப்புகிறார்கள்; கடன் துரத்த, பெரும்பாலோர் தாங்களாகவே திரும்பி வருகிறார்கள். மேலே பணக்காரர்கள் உட்கார்ந்து பந்தயம் கட்டிப் பார்க்கிறார்கள். எனக்கு இந்திர சபைதான் தெரிந்தது. “ஐயா, இது எல்லாம் வருங்காலம் இப்படி ஆயிரும்னு காட்டுறது” என்றாள் பேத்தி. நாங்கள் இதைக் காசித் தெருவில் ரொம்பக் காலமாகக் காட்டிக்கொண்டிருக்கிறோம் தாயி என்றேன்.

ஆறாவது பகுதி கோலிக்குண்டு ஆட்டம். ஜோடி சேரச் சொல்கிறார்கள். சேர்ந்து ஆடப் போகிறோம் என்று நினைத்து அவரவருக்கு வேண்டியவரைப் பிடித்துக்கொள்கிறார்கள். பிறகுதான் சொல்கிறார்கள்: ஜோடிதான் எதிராளி, ஆளுக்குப் பத்துக் கோலி, அரை மணி நேரம். அதில் ஒரு புருஷன் பெண்டாட்டியும் உண்டு. அவர்கள் ஆட்டத்தை விரித்துக் காட்டவில்லை. அடுத்த பகுதியில் புருஷன் மட்டும் இருக்கிறான், தூக்குப் போட்டுக்கொள்கிறான். காட்டாமல் விட்டவனை நான் மெச்சினேன். எல்லாவற்றையும் காட்டினால் பார்க்கிறவன் மனசில் ஒன்றும் நடக்காது.

நான் டிவியைப் பாதி பார்த்தேன், பேத்தியின் அப்பத்தாவைப் பாதி பார்த்தேன். தொழில் புத்தி. படித்த சாங்-வூ, தன்னை அண்ணனாக நம்பின அலியின் பையில் கோலிக்குப் பதில் கல்லைப் போட்டு ஏமாற்றுகிறான். அலி பாகிஸ்தானிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளி. நடித்தவர் டில்லிக்காரர் அனுபம் திரிபாதி. “படிச்சவன் புத்தியப் பாரு, இவன் வெளங்கவே மாட்டான்” என்று அவள் கத்தினாள். அதே நேரத்தில் கதாநாயகன் கி-ஹுன், ஞாபகம் தப்பிப்போன ஒரு கிழவரிடம் பொய் சொல்லித்தான் ஜெயித்துக்கொண்டிருக்கிறான். அதற்குச் சத்தமே இல்லை. “அவனும் என்னதான் பண்ணுவான், அவனுக்கும் தாய் இருக்காள்ல” என்றாள். “அப்பத்தா, ரெண்டு பேரும் பண்ணினது ஒண்ணுதானே?” என்றாள் பேத்தி. அவள் பதில் சொல்லாமல் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டாள். தோழிக்காகத் தானே கோலியைக் கீழே நழுவவிட்டுத் தோற்கிற பெண்ணுக்கு மட்டும் மூன்று பேரும் அழுதோம். நடித்த லீ யூ-மிக்கு அதற்காக 2022இல் எம்மி விருது கிடைத்ததாம். கொடுக்கலாம்.

யாரோடு கூடவே நடந்து வருகிறோமோ அவன் செய்தது கண்ணில் படாது. எங்கள் பிழைப்பே இதில்தான் ஓடியிருக்கிறது. ராஜபார்ட் உள்ளே வரும்போது எல்லா விளக்கும் அவன்மேல்தான் விழும், நல்ல பாட்டெல்லாம் அவனுக்குத்தான். அப்புறம் அவன் யாரை விற்றால் என்ன? காந்தியடிகள் சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார்: சிறுவயதில் அரிச்சந்திர நாடகம் பார்த்து, அதை எத்தனையோ தடவை தனக்குத்தானே நடித்துப் பார்த்ததாக. நாடகக்காரனுக்கு இதைவிடப் பெருமை இல்லை என்று நான் மேடையில் சொல்வதுண்டு. பேத்தியிடம் சொன்னபோது, “அவர் அரிச்சந்திரனாத்தானே ஐயா நடிச்சுப் பார்த்தாரு, சந்திரமதியா இல்லையே” என்றாள்.

இந்தக் கதையில் காரைக்குடிக்கும் ஒரு பாத்தியதை இருக்கிறது. நம் ஊர் ஏவி. மெய்யப்பச் செட்டியார் கன்னடத்தில் எடுத்த அரிச்சந்திராவை 1944இல் தமிழ் பேச வைத்தார். தமிழில் டப்பிங் ஆன முதல் படம் அதுதான் என்பார்கள். அதே வருஷம் புதுக்கோட்டை பி. யு. சின்னப்பா நடித்த அரிச்சந்திராவும் வந்தது. ஒரே வருஷத்தில் இரண்டு மயானம், இரண்டையும் போய்ப் பார்த்து அழுதிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் நடிகமணி வி. வி. வைரமுத்து இந்த மயான காண்டத்தாலேயே பேர் வாங்கியவர்.

ஒரு ஊரில் நாடகம் முடிந்து அரிதாரம் கலைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பையன் வந்து நின்றான். அவன் அப்பா அந்த ஊர்ச் சுடுகாட்டில் வேலை பார்க்கிறவர். நம் ஊர்களில் சுடுகாட்டு வழியில் அரிச்சந்திரன் கோயில் என்று ஒரு கல்லாவது நட்டிருக்கும், பாடையை அங்கே இறக்கி வைப்பார்கள். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் தினமும் நிற்கிற மனிதருடைய பிள்ளை. “ராசா எங்க வேலையப் பார்த்ததுதான் பெரிய கொடுமையாய்யா? எங்கப்பா தெனமும் பார்க்குறாரே, அதுக்கு யாரும் அழுவலையே” என்றான். பழைய பாடத்தில் வீரவாகுவை இழித்துப் பேசுகிற வசனங்கள் உண்டு. அவற்றை நான் பேசுவதில்லை. ஆனால் அவன் கேட்டது வசனத்தை வெட்டினால் தீர்ந்துபோகிற விஷயம் இல்லை. அதற்குப் பிறகு கூலி கேட்கிற இடத்தில் ராஜா அவமானத்தில் குறுகி நிற்கிற மாதிரி நான் நிற்பதில்லை. வேலை தெரிந்த மனிதன் கட்டையை அடுக்குகிற மாதிரி நிமிர்ந்து நின்று கேட்கிறேன். காட்சி இன்னும் கனக்கிறது.

கடைசியில் சந்திரமதியை வெட்ட ஓங்கிய வாள் மாலையாகி விழும், பிள்ளை எழுந்து உட்காருவான், மங்களம் பாடுவோம். மயானத்தோடு திரையைப் போட்டால் ஊருக்கு ஆகாது என்று கமிட்டி விடாது. கொரியாக்காரரும் கடைசியில் அந்தக் கிழவர்தான் ஆட்டத்தையே நடத்தியவர் என்று காட்டிவிட, அப்பத்தா “அப்பச் சரி” என்று நிம்மதியானாள். அதில் எனக்குக் குறை இல்லை. விடிந்தால் அவரவருக்கு வேலை இருக்கிறது, மனசைக் கொஞ்சம் இறக்கித்தான் அனுப்ப வேண்டும்.

எனக்குக் குறை வேறு. இரண்டு மூன்று வருஷமாகச் சில ஊர்க் கமிட்டிக்காரர்கள் அட்வான்ஸ் கொடுக்கும்போதே, “விக்கிற சீனை விட்டுருங்கண்ணே, பொம்பளைக சங்கடப்படுறாக. நேரா மயானத்துக்குப் போயிருங்க” என்கிறார்கள். நேரமும் மிச்சம், பேச்சும் வராது என்பது அவர்கள் கணக்கு. விற்பனையை எடுத்துவிட்டால் மயானத்தில் நிற்பது வெறும் பரிதாபக்காரன். சனம் அவனுக்கு அழுதுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகும். சங்கடப்படத்தான் அண்ணே அந்தக் காட்சி. பங்குனி, சித்திரைக்கு நோட்டீஸ் அடிக்கிறவர்கள் தயவுசெய்து முழு நாடகமும் கேளுங்கள், எங்களுக்கு ஒரு மணி நேரம் கூடக் கொடுங்கள். வந்து பார்த்து மனசு ஒப்பாதவர்கள் மேடைக்குப் பின்னால் வந்து என்னைத் திட்டலாம். அரிதாரம் கலைக்க எனக்கு எப்படியும் அரை மணி நேரம் ஆகும்.