நூறு ரூபாயா, ஐநூறு ரூபாயா?

"சீட்டோ? ஆர் பிள்ளை தாச்சி?"

ரிக்கெற் புத்தகத்தோடு நாங்கள் முதன்முதலாகப் போய் நின்ற வீட்டில் ஆச்சி கேட்ட கேள்வி இது. மாதாமாதம் காசு கட்டுகிற சீட்டு இல்லை ஆச்சி, ஒருக்கா நூறு ரூபா தந்தால் போதும், விழுந்தால் ஒரு போர்வை கிடைக்கும் என்று விளங்கப்படுத்தவே பத்து நிமிசம் போனது. ஆனால் அந்த நூறு ரூபாவைத் தீர்மானிக்க எங்களுக்கு மூன்று கூட்டங்கள் தேவைப்பட்டன. இந்தப் பதிவு அந்தக் கூட்டங்களைப் பற்றியது.

எங்கட ஊர் வாசிகசாலையில் புத்தகங்கள் உரப்பைக்குள்ளே கிடந்தன. மழைக்கு நிலம் கசிந்தால் முதல் நனைவது அவைதான். மூன்று இரும்பு இறாக்கைகள் வேண்டுமென்றால், ஒன்று 15,000 ரூபாப்படி 45,000 ரூபா. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கதையே 1933 இல் ஒருவர் தன் வீட்டில் இருந்து புத்தகம் இரவல் குடுக்கத் தொடங்கியதில்தான் ஆரம்பிக்கிறது. நாங்கள் மூன்று இறாக்கை வாங்க மாட்டமா என்ற ரோசம் எங்களுக்கு.

வழி சொன்னவர் ஊரில் தையல் மெசின் வைத்திருக்கிற மாமி. பிளவுஸ் தைத்து மிஞ்சிய வெட்டுத்துண்டுகள் அவவிடம் மூட்டையாக இருந்தன. வழமையாக அவற்றில் கால்மிதி தைப்பா. "ஒரு பெரிய போர்வை தைச்சுத் தாறன், வித்துப்போட்டு ராக்கை வாங்குங்கோ" என்றா. நாலு பெண்கள் சேர்ந்தார்கள். ஆறு கிழமை, சனியும் ஞாயிறும், நாளுக்கு மூன்று மணித்தியாலம். துண்டுகளைச் சதுரமாக வெட்டி, மெசினில் பொருத்தி, நடுவில் பஞ்சு விரித்து, அடித்துணி வைத்து, கடைசியில் மூன்று படையையும் சேர்த்துக் கையால் நூலோடினார்கள்.

போர்வை முடிந்ததும்தான் பிரச்சினை. இதுக்கு என்ன விலை?

கணக்குப் பார்த்தோம். நாலு பேர், பன்னிரண்டு நாள், மூன்று மணித்தியாலம்: 144 மணித்தியாலம். எட்டு மணித்தியாலத்தை ஒரு நாள் என்று எடுத்தால் 18 நாள் வேலை. நாளுக்கு 2,000 ரூபா கூலி போட்டாலே 36,000. பஞ்சுக்கும் அடித்துணிக்கும் 9,000. ஆக 45,000 ரூபா. ஊருக்குள் ஆரிடம் போய் ஒரு போர்வைக்கு 45,000 கேட்கிறது? அதுவும் எங்கட வெக்கைக்கு! குறைத்து 15,000க்கு விற்றால் நாலு பேரின் உழைப்பை நாங்களே மலிவாக்கின மாதிரி. அப்படித்தான் சீட்டிழுப்புக்கு வந்தோம்.

நான் சொன்ன திட்டம் இது: சீட்டு ஒன்று 500 ரூபா, 150 சீட்டு, மொத்தம் 75,000. வெளிநாட்டில் இருக்கிற ஒன்றுவிட்ட அண்ணன்மாருக்கு வாட்ஸப்பில் படம் அனுப்பினால் ஒரு கிழமையில் முடியும். ஊரில் வீடு வீடாக அலையத் தேவையில்லை. எனக்கு அது நல்ல கெட்டித்தனமாகத் தெரிந்தது. கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள்.

மூலையில் இருந்து மாமி கேட்டா: "அப்ப நான் தைச்ச போர்வைக்கு நானே ஒரு சீட்டு எடுக்கேலாதோ?"

ஒருத்தரும் கதைக்கவில்லை. "உங்களுக்கு ஒண்டு சும்மா தாறம் மாமி" என்று நான் சொன்னேன். சொன்ன உடனேயே பிழையென்று விளங்கிவிட்டது. அவ இலவசமாக ஒன்று கேட்கவில்லை. மற்றவர்களைப் போலத் தானும் காசு குடுத்து வாங்கக்கூடிய ஒரு விலையைக் கேட்டா.

அங்கேதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. சீட்டின் விலை போர்வையின் விலை இல்லை. 45,000 ரூபாப் போர்வையை 600 சீட்டுக்குப் பிரித்தால் ஒரு சீட்டுக்கு 75 ரூபாதான் வரும். 100 ரூபா குடுக்கிறவர் லாபம் பார்த்துக் குடுக்கவில்லை. லாபம் பார்க்கிறவருக்குச் சந்தியில் லொத்தர் இருக்கிறது. அதுகூட 2023 ஜூலையில் 20 ரூபாவில் இருந்து 40 ஆனது, ஆனால் விழுந்தால் கோடி. எங்கட சீட்டை வாங்குகிறவர் "இது என்ர வாசிகசாலை" என்று சொல்லத்தான் வாங்குகிறார். அப்படியென்றால் ஆர் அப்படிச் சொல்லலாம், ஆர் சொல்லேலாது என்று தீர்மானிப்பது நாங்கள் போடுகிற விலைதான். 500 ரூபாச் சீட்டு என்றால் வாசிகசாலை ரொறொன்ரோவுக்கும் லண்டனுக்கும் சொந்தம். அதில் வந்து பேப்பர் வாசிக்கிற ஐயாவுக்கு இல்லை.

100 ரூபா என்று முடிவானது. உடனே இன்னொருத்தர்: "ஒண்டு 100, ஆறு எடுத்தால் 500 எண்டு போடுவமே, கூட விக்கும்." எல்லா இடத்திலும் செய்கிற வேலைதான். ஆனால் கணக்கைப் பாருங்கோ. 500 ரூபாத் தாள் வைத்திருக்கிறவருக்கு ஒரு சீட்டு 83 ரூபா சொச்சம். நூறு ரூபா மட்டும் இருக்கிறவருக்கு அதே சீட்டு 100 ரூபா. காசு குறைந்தவரிடம் கூட வாங்கி, கூட உள்ளவருக்குக் கழிவு குடுக்கிறோம். அதையும் விட்டோம். ஒருவருக்கு ஆகக்கூடியது பத்துச் சீட்டு என்றும் எழுதினோம்.

இந்தக் கொள்கைக்கு விலை இருந்தது, அதையும் சொல்ல வேணும். ரொறொன்ரோவில் இருக்கிற அண்ணா நூறு சீட்டு கேட்டார். "பத்துத்தான் அண்ணா, மிச்சத்தை நன்கொடையா அனுப்புங்கோ" என்றோம். சிரித்துப்போட்டுப் பத்துக்கு மட்டும் அனுப்பினார். நாங்கள் ஆறு பேர் ஒன்றரை மாதம் வெயிலுக்குள் சைக்கிளில் திரிந்தோம். 600 சீட்டு அடித்தோம், 512 விற்றது. 51,200 ரூபா. அச்சுக்கு 4,500, துணிக்கும் பஞ்சுக்கும் 9,000 போக, கையில் நின்றது 37,700. இரண்டு இறாக்கை வாங்கினோம். மூன்றாவதுக்குக் காணாது. மிச்ச 7,700 பேப்பர் காசுக்கு வைத்திருக்கிறோம். என்ர 500 ரூபாத் திட்டத்தில் போயிருந்தால் மூன்றும் வந்திருக்கும் என்று இப்பவும் சில நேரம் யோசிப்பேன்.

ஆனால் அடிக்கட்டைகளை எடுத்து எண்ணியபோது 512 சீட்டுக்குப் பின்னால் 340 பேர் இருந்தார்கள். அதில் கனபேர் ஒரேயொரு சீட்டு. இப்ப அவர்களில் சிலர் வாசிகசாலைக்குள் வந்து "எங்கட ராக்கை எது?" என்று கேட்கிறார்கள்.

நீங்களும் இப்படி ஒன்று செய்யப் போகிறீர்கள் என்றால், மொத்தத்தை எண்ணிக்கையால் பிரித்து விலை போடாதேங்கோ. முதல், அந்தப் பொருளைச் செய்தவரிடம் கேளுங்கோ: நீங்கள் எவ்வளவு குடுத்து ஒரு சீட்டு எடுப்பீங்கள்?

சீட்டிழுப்பு அன்று பிஸ்கற் ரின்னுக்குள் கைவிட்டு எடுத்தது முன்பள்ளிப் பிள்ளை ஒன்று. விழுந்தது சந்தியில் ஓட்டோ வைத்திருக்கிற அண்ணைக்கு. மாற்றின காசில் ஒரு நூறு மிஞ்சியதால் ஒன்று எடுத்தவராம். "இந்த வெக்கைக்கு இதை என்ன செய்யிறது?" என்று சிரித்துக்கொண்டே தோளில் போட்டுக்கொண்டு போனார். மார்கழிப் பனியில் அவற்றை அம்மா அதைப் போர்த்துக்கொண்டு முற்றத்துக் கதிரையில் இருந்ததைக் கண்டேன்.

மாமி இரண்டு சீட்டு எடுத்திருந்தா. விழவில்லை. பேர்சுக்குள் இருந்து அவற்றை எடுத்துத் திரும்ப ஒருக்கா நம்பர் பார்த்தா. "கவலையோ மாமி?" என்று கேட்டேன்.

"என்னத்துக்குக் கவலை? என்ர நம்பரும் உள்ளுக்கை கிடந்ததுதானே."