கொர்சேரா, முஸ்கதேயா?

அரசு அலுவலகத்தில் நாலு நாற்காலி வாங்குவதென்றாலும் மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டால்தான் கோப்பு நகரும். குறைந்த விலை சொன்னவருக்கே ஆர்டர். அவரைத் தள்ளிவிட்டு வேறொருவருக்குக் கொடுப்பதானால் காரணத்தை எழுத்தில் வைக்க வேண்டும். அப்படி எத்தனையோ பட்டியல் போட்டவன் நான். பாய்மரப் படகுக்கும் ஒரு நாள் பட்டியல் போடுவேன் என்று நினைத்ததில்லை.

மகள் பிரான்ஸில் நாந்த் நகரில் இருக்கிறாள். மாப்பிள்ளையும் நம் பாண்டிக்காரர்தான். சின்ன வயதிலேயே குடும்பத்தோடு அங்கே போய் பாய்ப்படகு ஓட்டக் கற்றவர். கோடையில் மனைவி, பிள்ளையோடு கரையோரம் சுற்றவும், சில ஞாயிறுகளில் பந்தயத்தில் ஓட்டவும் ஒரே படகு வேண்டும் என்பது அவர் ஆசை. கைமாற்றுப் படகுதான். மகளுக்கோ கடல் என்றால் பயம். "கவுந்துட்டா குழந்தைய யாருப்பா புடிக்கிறது?" என்றாள். வீட்டில் பேச்சு குறைந்து, சாப்பாட்டு மேசையில் தட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் மாப்பிள்ளை விளம்பரங்களையெல்லாம் என் முன்னால் வைத்து, "பிரெஞ்சுல படிச்சவரு, நீங்களே பாத்துச் சொல்லுங்க மாமா" என்றார்.

போட்டியில் நின்றவை இரண்டு. ஒன்று கொர்சேர். ஹிட்லர் படையை எதிர்த்து நின்ற பிலிப் வியன்னேயும் அவர் மனைவி எலேனும் 1947இல் பிரெத்தாஞ் கரைக்கு எதிரே உள்ள தீவுகளில் லெ கிளெனான் என்ற பாய்ப்படகுப் பள்ளியைத் தொடங்கினார்கள். அந்தப் பள்ளிக்காக ழான்-ழாக் எர்புலோ 1954இல் வரைந்தது இந்தப் படகு. நீளம் 5.50 மீட்டர். மற்றொன்று முஸ்கதே, நாந்த் பக்கத்து வெள்ளை ஒயினின் பெயர். அதே பள்ளியில் பயிற்சி கொடுத்த பிலிப் ஆர்லே 1963இல் வரைந்தார். கொர்சேரைவிட ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் அதிகம். இரண்டுமே பிளைவுட் பலகையில் செய்தவை. சாமானியனும் கடலுக்குப் போக வேண்டும் என்று மலிவாகச் செய்யப்பட்டவை.

பட்டியலின் முதல் பத்தியில் எடை. கொர்சேர் அரை டன்னுக்குச் சற்று மேல். காருக்குப் பின்னால் இழுத்துப் போகலாம், வீட்டு முற்றத்திலேயே வைத்துக்கொள்ளலாம். நடுவில் ஏற்றி இறக்கும் பலகை இருப்பதால் ஆழமில்லாத இடத்திலும் நுழையும். நாந்த் ஊருக்குள் ஓடும் எர்த்ர் நதிக்கு ஏற்ற படகு. முஸ்கதே ஒரு டன்னுக்கு மேல். நாங்கள் பார்த்த படகின் அடியில் மீனின் செட்டை போல இரும்பு நிரந்தரமாகப் பொருத்தியிருந்தது. கிரேன் வைத்துத்தான் இறக்க வேண்டும், துறைமுகத்தில் வருடாவருடம் இட வாடகை கட்ட வேண்டும்.

இரண்டாவது, பந்தயம். இரண்டு வகைக்கும் பிரான்ஸில் தனித்தனிப் போட்டிகள் உண்டு. ஒரே அளவுப் படகுகள் மோதுவதால் பணக்காரனுக்குத் தனிச் சலுகை கிடையாது. பழைய படகும் ஜெயிக்கலாம். லேசான காற்றில் கொர்சேர் துள்ளும். முஸ்கதேயின் பெருமை வேறு. 1977இல் இங்கிலாந்தின் பென்சான்ஸிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி ஆன்டிகுவா வரை, படகுக்கு ஒருவராகப் போன முதல் மினி ட்ரான்சாட் பந்தயத்தில் முஸ்கதேக்களும் ஓடின.

மூன்றாவது, பலகையின் நிலை. பிளைவுட்டை உப்புத் தண்ணீரைவிட மழைத் தண்ணீர்தான் அதிகம் அரிக்கும். மேல்தளத்தின் மூலைகளையும், இரும்பை முடுக்கிய போல்ட்டுகளைச் சுற்றியும் தட்டிப் பார்க்க வேண்டும். சத்தம் மந்தமாக வந்தால் உள்ளே உளுத்திருக்கிறது என்று அர்த்தம். நம் வைத்திக்குப்பத்தில் கட்டுமரத்தைக் கரையேற்றியதும் கட்டை அவிழ்த்துக் காயப்போடுவார்களே, அதே கவலைதான்.

இந்த மூன்றிலும் செலவுக் கணக்குப் பார்த்தால் கொர்சேருக்குத்தான் ஆர்டர். மாப்பிள்ளையின் மனமும் அங்கேதான் சாய்ந்திருந்தது. ஆனால் என் பட்டியலில் ஒரு பத்தி காலியாக இருந்தது: ஏறப் போகிறவர்கள் யார்?

கொர்சேருக்கும் அடியில் எடை உண்டு. ஆனாலும் லேசான படகு என்பதால், காற்று ஏறினால் ஆட்களும் மேல்பக்கம் ஏறி உட்கார்ந்து சமன் செய்ய வேண்டும். பயந்த தாயையும் ஏழு வயதுப் பிள்ளையையும் அந்த வேலைக்கு எப்படி நம்புவது? முஸ்கதேயை விற்பவர் எங்களைக் கிபெரோன் விரிகுடாவுக்கு ஒரு சுற்று அழைத்துப் போனார். திடீரென்று காற்று தள்ளியது. படகு சாய்ந்தது, மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். ஓரளவு சாய்ந்ததும் யாரோ கீழிருந்து பிடித்து நிறுத்தியது போல நின்றது, பிறகு நிமிர்ந்தது. "தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை மாதிரிம்மா. அடியில இரும்பு இருக்குது" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளையை உள்ளே கூட்டிப் போய்ப் படுக்கைப் பலகைகளைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு காலிப் பத்தியில் எழுதினேன்: "செலவு கூடுதல். ஆயினும் மூவரும் ஏறக்கூடிய படகு இது ஒன்றே." மாப்பிள்ளை இரண்டு முறை படித்தார். "எர்த்ர் பந்தயம் போச்சு மாமா" என்று சிரித்தார். மறுநாள் முன்பணம் கொடுத்துவிட்டார்.

அவர் தனி ஆளாக இருந்தால் நானே கொர்சேர் என்றுதான் எழுதியிருப்பேன். இப்போது பந்தயத்துக்கு அவர் வருடத்தில் இரண்டு மூன்று முறைதான் போகிறார். சனிக்கிழமைகளில் மூன்று பேரும் படகில் இருக்கிறார்கள். பேத்தி தொலைபேசியில், "தாத்தா, இன்னிக்கு நான்தான் சுக்கான் புடிச்சேன்" என்கிறாள். பின்னால் அவள் அம்மாவின் குரல் கேட்கிறது: "பேசினது போதும்டி, அந்தக் கயித்த இறுக்கு!"