வெள்ளை நிற்காத ஊர்

பல்கலைக்கழக விடுதியிலிருந்து வந்த கடிதத்தில் உடை பற்றி ஒரே வரிதான். புதிய மாணவிகள் உறுதிமொழி எடுக்கும் இரவுக்கு வெள்ளை உடை: நீளக்கை, கணுக்கால் வரை, உள்ளே தெரியாத துணி. பெண்கள் மட்டும் தங்கும் விடுதி அது. ஆளுக்கொரு மெழுகுவத்தி ஏந்தி, இனி நாமெல்லாரும் சகோதரிகள் என்று சொல்ல வேண்டும்.

"வெள்ளைதானே, மலிவா கிடைக்கும்" என்றார் அம்மா. பாட்டிக்குத்தான் பிடிக்கவில்லை. "படிக்கப் போற புள்ளைக்கு எதுக்குடி வெள்ளை?"

தாத்தா இறந்து முப்பது வருடமாகியும் பாட்டியை நான் வெள்ளைச் சேலையில் பார்த்ததில்லை. எங்கள் குடும்பம் கொஞ்சம் முற்போக்கு என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் கேட்டேன்.

"கட்டணும்னுதான் சொன்னாங்க. ரெண்டு நாளு கட்டுனேன். கொழுந்து எடுத்துட்டு வர்றதுக்குள்ள அது வெள்ளையாவா இருக்கு? மூணாவது நாளு பழைய பச்சைச் சேலைய எடுத்துக் கட்டிக்கிட்டேன். யாரும் ஒண்ணும் சொல்லல."

கொழுந்தின் சாறு காற்றுப் பட்டதும் பழுப்பாகிவிடும். தொழிற்சாலையில் பச்சை இலையைக் கறுப்புத் தேயிலையாக்கும் அதே ஆக்சிஜனேற்றம்தான் சேலையிலும் நடக்கிறது. துவைத்தாலும் சுலபத்தில் போகாது. கேமரன் மலையில் மழையும் பனிமூட்டமும் சேர்ந்துகொண்டால் துணி காய மூன்று நாளாகும். அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டால் புகை ஏறி மஞ்சளாகிவிடும். பாட்டிக்கு வெள்ளையிலிருந்து விடுதலை கொடுத்தது எந்தச் சீர்திருத்தமும் இல்லை, தேயிலைக் கறை.

முதலில் பிரிஞ்சாங் பாசார் மாலாமில் தேடினோம். லேஸ் வைத்த நீள கவுன் 90 வெள்ளி. அழகாகத்தான் இருந்தது, ஆனால் கல்யாணப் பெண் போலத் தெரிவேன் என்று தோன்றியது. 25 வெள்ளிக்கு ஒரு பருத்திச் சட்டை கிடைத்தது. அம்மா அதற்குள் கையை விட்டு விளக்குக்கு நேரே பிடித்தார். கைரேகை வரை தெரிந்தது. "வேணாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கடைசியில் தானா ராத்தாவில் பள்ளிச் சீருடை விற்கும் கடைக்குப் போனோம். இடைநிலைப்பள்ளிப் பெண்கள் நீலப் பாவாடைக்கு மேலே போடும் வெள்ளை பாஜு கூரோங் சட்டை 32 வெள்ளி. தடித்த துணி, நீளக்கை, முட்டி வரை நீளம். கடிதம் கேட்டதெல்லாம் அதில் இருந்தது. பாவாடைக்கு 18 வெள்ளிக்குத் துணி வாங்கி, தன் பழைய உள்பாவாடையை உள்துணியாக வைத்து அம்மாவே தைத்தார். ஆக 50 வெள்ளி. இரண்டு நாள் தேயிலை விற்ற காசு இல்லை, இரண்டு நாள் தேயிலை பறித்த கூலி.

பின்னாளில்தான் வாசித்தேன். 1908 ஜூன் 21 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் வாக்குரிமை கேட்டுத் திரண்ட பெண்களை வெள்ளை உடுத்தி வரச் சொல்லியிருக்கிறார்கள். சாதாரண வெள்ளைப் பருத்தி உடை பெரும்பாலான பெண்களுக்குக் கட்டுப்படியாகும், கூட்டத்தில் எடுப்பாகவும் தெரியும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் சொராரிட்டி என்ற மாணவியர் சங்கங்களிலும் சேர்க்கைச் சடங்குக்கு வெள்ளைதான் வழக்கம். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லோரும் ஒன்று.

எங்கள் மண்டபத்திலும் தூரத்தில் அப்படித்தான் தெரிந்தது. கிட்டப் போனால் ஒருத்தியின் கழுத்தில் முத்து வேலை, இன்னொருத்தியின் கையில் பட்டு லேஸ். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற கிளந்தான் பெண் என் சட்டையை உற்றுப் பார்த்தாள். "இது ஸ்கூல் பாஜுதானே?" என்று மலாயில் கேட்டாள். முகம் சூடாகிவிட்டது. ஆமாம் என்றேன். அவள் தன் துடோங்கை லேசாக விலக்கி, சட்டை நெஞ்சில் பெயர்ப்பட்டையைப் பிரித்தெடுத்த ஊசித் துளைகளைக் காட்டினாள். அவளுடையது ஐந்தாம் படிவத்தில் போட்ட அதே சட்டை. இருவரும் சிரித்ததில் உறுதிமொழியில் இரண்டு வரி விட்டுப்போனது. சகோதரி என்ற சொல் எனக்கு அர்த்தமானது அந்த இரண்டு வரி இடைவெளியில்தான்.

இப்போது கட்டுமானத் தளத்தில் வேலை. எங்கள் தளத்தில் தொழிலாளிகளுக்கு மஞ்சள் ஹெல்மெட், எஞ்சினியர்களுக்கு வெள்ளை. சாயங்காலம் கழற்றி வைக்கும்போது என்னுடையது காலையில் இருந்தது போலவே இருக்கும். பாட்டி இரண்டு நாள் மட்டும் கட்டிய சேலை அப்போதெல்லாம் ஞாபகம் வரும். வெள்ளை மலிவுதான், அம்மா சொன்னது சரி. அதை வெள்ளையாகவே வைத்திருக்கத்தான் வேறு வேலை வேண்டியிருக்கிறது.