செவ்வாயில் உருளைக்கிழங்கு

"புராணத்தைப் பொய் என்று பேசுகிறீர்கள். புஷ்பக விமானத்தைப் புளுகு என்று எழுதுகிறீர்கள். விண்ணிலே பறக்கும் இந்தக் கதைப் புத்தகங்களை மட்டும் படி, படி என்று எங்கள் கையிலே திணிக்கிறீர்களே, இதுவும் கட்டிவிட்ட கதைதானே, ஐயா?"

நாம் பொறுப்பேற்று நடத்திவரும் சிறு படிப்பகத்தில், ஒரு மாலை வேளையில், கல்லூரித் தம்பி ஒருவர் எம்மை நோக்கித் தொடுத்த கணை இது. சுற்றியிருந்த தோழர்கள் சிரித்தனர். நாமும் சிரித்தோம். ஆனால் சிரிப்பு அடங்கிய பின், சட்டென்று சொல்ல விடை கிடைக்காமல் திகைத்தோம் என்பதை மறைப்பானேன்? ஏன், எதற்கு, எப்படி என்று கேட்கக் கற்றுக்கொடுத்தது நமது இயக்கம். கற்றுக்கொண்டவர் நம்மிடமே கேட்டுவிட்டார்! கேட்டவரைக் கடிந்துகொள்ள நாம் என்ன மடாதிபதியா?

படிப்பகத்தைப் பூட்டும் நேரம்வரை அந்தத் தம்பி எழுந்து போகவில்லை. பிறகுதான் உள்ளத்தில் கிடந்ததைச் சொன்னார். அவருடைய தமக்கையார் கணிதத்தில் பட்டம் பெற்றவர். மூன்று இடங்களிலிருந்து பெண் பார்க்க வந்தனர், மூன்றும் தட்டிப்போயின. குறை பெண்ணிடத்திலும் இல்லை, குடும்பத்திலும் இல்லை. சாதகக் கட்டத்திலே, ஏழாம் வீட்டிலே, செவ்வாய் வந்து குந்தியிருக்கிறதாம்! "வீட்டில் அந்தப் பெயரைச் சொன்னாலே அம்மா கண் கலங்குகிறார். நீங்களோ செவ்வாய்க்குப் போகிறவன் கதையைக் கொடுக்கிறீர்கள்" என்றார் தம்பி.

அன்று அவரிடம் சொன்னதையும், சொல்லத் தவறிப் பிறகு எண்ணிப் பார்த்ததையும் சேர்த்து, தோழர்களுக்கு இங்கே எழுதுகிறோம்.

முதலில் நாம் எடுத்துக் கொடுத்தது ஆண்டி வீர் என்ற அமெரிக்கர் எழுதிய 'தி மார்ஷியன்' என்ற நாவல். ஆறு பேர் செவ்வாயில் இறங்குகிறார்கள். புயல் அடிக்கிறது. ஒருவன் இறந்துவிட்டான் என்று நம்பி ஐவர் கிளம்பிவிடுகிறார்கள். அவனோ சாகவில்லை! தனி ஒருவன்; ஒரு கூடாரம்; கையிருப்பு உணவு அடுத்த கப்பல் வரும்வரை போதாது. நம் நாட்டுக் கதாசிரியர் கையில் இந்த இடம் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பார்? பக்தன் கதறுவான், பரமன் இரங்குவான், கருடன் இறங்குவான். மார்க் வாட்னி என்ற அந்தத் தாவர நூல் வல்லுநன் கதறவில்லை, கணக்குப் போடுகிறான். ஒரு நாளைக்கு எத்தனை கலோரி வேண்டும், எத்தனை சதுர மீட்டர் மண் வேண்டும், அந்த மண்ணை நனைக்க எத்தனை லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று கணக்கு. விருந்துக்கென்று கொண்டுவந்த உருளைக்கிழங்குதான் விதை. மனிதக் கழிவுதான் எரு. தண்ணீருக்கு எங்கே போவது? ராக்கெட்டு எரிபொருளான ஹைட்ரசினைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, அதை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்துத் தண்ணீர் ஆக்குகிறான்.

அதற்கு நெருப்பு வேண்டும். தீப்பற்றக்கூடிய பொருள் எதையும் விண்கலத்தில் ஏற்ற விடமாட்டார்கள். தேடித் தேடிப் பார்க்கிறான். தோழன் ஒருவன் விட்டுச்சென்ற மரச்சிலுவை கிடைக்கிறது! அதைச் சீவிச் சிராய் எடுத்துத் தீ மூட்டுகிறான். இந்த இடத்தை நாம் இருமுறை படித்தோம். நாவலாசிரியர் இங்கே கேலி பேசவில்லை, பிரசாரம் செய்யவில்லை. குளிர்ந்த கோளில் உயிர் பிழைக்க வேண்டியவனுக்கு மரம் மரமாகப் பயன்பட்டது, அவ்வளவுதான். நாம் மேடையிலே ஒரு மணி நேரம் தொண்டை வறளப் பேசுவதை அவர் ஒரு பக்கத்திலே முடித்துவிட்டார் என்று, கொஞ்சம் பொறாமையோடுதான், எண்ணிக்கொண்டோம்.

ஆனால் தம்பியின் கேள்விக்கு விடை அந்தச் சிலுவையில் இல்லை. அந்த நாவல் உருவான வகையிலே இருக்கிறது. வீர் இதை முதலில் அத்தியாயம் அத்தியாயமாகத் தமது இணையத் தளத்திலே இலவசமாக வெளியிட்டார். 2011-இல் தாமே நூலாக்கினார். 2014-இல்தான் பதிப்பகம் ஒன்று ஏற்று அச்சிட்டது. அத்தியாயங்கள் வந்தபோதே, படித்தவர்கள் பிழை கண்டு எழுதினர். இந்த வேதியியல் தவறு, இந்தக் கணக்குச் சரியில்லை என்றனர். ஆசிரியர் திருத்திக்கொண்டார். கதாகாலட்சேபத்திலே எழுந்து நின்று, "சுவாமி, பத்துத் தலை ஒரு கழுத்தில் எப்படி நிற்கும்? எலும்புக் கணக்கைச் சொல்லும்" என்று ஒருவர் கேட்டால், அவர் திரும்பி வீடு போய்ச் சேர்வாரா?

இன்னும் கேளுங்கள். கதை தொடங்குவதே புயலால். அந்தப் புயல் நடக்கவே முடியாத ஒன்று. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியின் அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே எவ்வளவு வேகமாக வீசினாலும் காற்று ஆளைத் தூக்கி எறியாது. கதைக்காக அறிந்தே செய்த பிழை என்று ஆசிரியரே ஒப்புக்கொண்டிருக்கிறார். செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் என்ற நஞ்சு உப்பு உண்டு என்பதை ஃபீனிக்ஸ் என்ற ஆய்வுக்கலம் 2008-இல் கண்டது. கழுவி நீக்காமல் அதிலே பயிரிட்டு உண்பது நல்லதல்ல. கதாநாயகன் அதை நினைக்கவேயில்லை. இப்படிப் பிழை சொல்ல முடிகிறதே, அதுதான் தம்பி இந்தக் கதைக்கும் அந்தக் கதைக்கும் உள்ள வேற்றுமை. இது அளவுகோலைக் கையில் கொடுத்து, 'அளந்து பார்' என்கிறது. அது, 'அளந்தால் கண் அவிந்து போகும்' என்கிறது.

புராணமும் ஒருமுறை அளக்கப்பட்டது. பழங்கால விமானக் கலை என்று கொண்டாடப்படும் வைமானிக சாஸ்திரத்தை, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து வானூர்திப் பேராசிரியர்கள் 1974-இல் ஆராய்ந்தார்கள். அது இருபதாம் நூற்றாண்டில் எழுந்த நூல், அதில் வரைந்துள்ள ஊர்திகள் பறக்கத் தகுதியற்றவை என்று எழுதினார்கள். பிழையை ஒப்புக்கொண்டார்களா பழமைவாதிகள்? 2015-இல் மும்பையில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டு மேடையிலேயே அந்த விமானம் மீண்டும் பறந்தது! 2023 ஆகஸ்டு 23 மாலை, விழுப்புரத்து வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்து அனுப்பிய சந்திரயான்-3 நிலவிலே இறங்கியபோது, எமது தெருவிலேயே ஒரு பெரியவர், "இதெல்லாம் நம் முன்னோர் என்றைக்கோ கண்டதுதான்" என்றார். முன்னோர் கண்டது இருக்கட்டும். நிலவு மண்ணைப் போன்ற மண் வேண்டும் என்று, இறங்கும் சோதனைக்கு, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையை அரைத்தார்கள் நம் காலத்துப் பிள்ளைகள்.

நிலவு மண் என்றதும் நினைவுக்கு வருகிறது ஆர்தர் கிளார்க் எழுதிய 'எ ஃபால் ஆஃப் மூன்டஸ்ட்'. 1961-இல் வந்த நாவல். நிலவிலே தண்ணீர்போல் ஓடும் தூசியால் ஆன கடல். அதன்மேல் சுற்றுலாப் படகு. நில அதிர்ச்சியில் படகு மூழ்குகிறது. உள்ளே இருபதுக்கு மேற்பட்டோர். மூச்சுக் காற்று குறைகிறது. வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறுகிறது. மேலே விண்வெளி நிலையத்திலிருந்து ஒரு வானியல் ஆய்வாளன், தூசிப் பரப்பிலே மற்ற இடத்தைவிடச் சற்றே சூடேறிய தடத்தைக் கருவியால் கண்டு இடத்தைச் சொல்கிறான். படகுக்குள்ளே பறக்கும் தட்டு நம்பிக்கைக்காரன் ஒருவனும் அகப்பட்டிருக்கிறான். அவனைக் கிளார்க் படுத்தும் பாட்டைப் படித்துச் சிரிக்காதவர் இருக்க முடியாது. 1966-இல் ரஷியாவின் லூனா-9, அமெரிக்காவின் சர்வேயர்-1 ஆகியவை இறங்கிப் பார்த்தன. மூழ்கடிக்கும் தூசிக்கடல் எதுவும் இல்லை. நாவலின் அடித்தளமே போயிற்று. போனாலும் மீட்புக் கதை நிற்கிறது. அதிலே வெப்பம் கடத்தும் விதியும், மூச்சுக் காற்றின் கணக்கும் பொய்யாகவில்லை. ஒன்று மட்டும் எமக்குக் கசந்தது. படகிலே பெண்ணுக்கு வேலை, சிற்றுண்டி பரிமாறுவது! நிலவுக்குப் போயும் அடுப்படி விடவில்லையே!

அந்தக் கசப்புக்கு மாற்று, மேரி ராபினெட் கோவல் எழுதி 2018-இல் வந்த 'தி கால்குலேட்டிங் ஸ்டார்ஸ்'. இது வருங்காலக் கதையன்று. 1952-இல் விண்கல் ஒன்று அமெரிக்கக் கரையில் விழுந்திருந்தால் என்று, நடந்த காலத்தையே திருப்பி எழுதிய கதை. எனினும் சேர்த்துப் படிக்கலாம். கணக்கெல்லாம் பெண் போடுவாள், கலத்தில் ஏற ஆண் வேண்டுமாம்! அந்த அநீதியும், கறுப்பினப் பெண்களுக்கு நேர்ந்த இரட்டை அநீதியும் அதிலே பேசப்படுகின்றன. உண்மை உலகிலே 1963-இல் விண்ணேறிய முதற் பெண் வாலண்டினா தெரஷ்கோவா நெசவாலைத் தொழிலாளி என்பதையும் தோழியர் நினைவில் வைக்க.

செவ்வாய் யாருக்குச் சொந்தம்? இதைக் கேட்பவர் கிம் ஸ்டான்லி ராபின்சன். 1992-இல் வந்த 'ரெட் மார்ஸ்', அதைத் தொடர்ந்த இரண்டு பாகங்கள். தடித்த நூல்கள், பொறுமை வேண்டும், பாறை, பனி, பள்ளத்தாக்கு வருணனையிலே எமக்கே இருமுறை கண் செருகியது உண்மை. நூறு விஞ்ஞானிகள் குடியேறுகிறார்கள். புதிய கோள், பழைய அடிமைத்தனம் இன்றி வாழலாம் என்று கனவு காண்கிறார்கள். பின்னாலேயே வருகின்றன பகாசுரக் கம்பெனிகள். கனிமம் அவர்களுக்கு, தூசு தொழிலாளிக்கு! புரட்சி வெடிக்கிறது. கட்டுக்கதை என்று ஒதுக்கிவிட முடியுமா? விண்கோள்களை எந்த நாடும் உரிமை கொண்டாடக் கூடாது என்று 1967-இல் உலக நாடுகள் ஒப்பந்தம் செய்தன. 2015-இல் அமெரிக்கா, அங்கே வெட்டி எடுத்த பொருளைத் தன் குடிமக்கள் சொந்தமாக்கிக் கொள்ளலாம் என்று சட்டம் இயற்றியது. தரை யாருக்கும் சொந்தமில்லை, தரையிலிருந்து எடுத்தது மட்டும் எடுத்தவனுக்குச் சொந்தம்! பண்ணையார் கணக்கு நமக்குப் புதிதா? ராக்கெட்டைக் கண்டு கைதட்டுகிற இளைஞன், அதன் உச்சியில் எவர் கொடி பறக்கிறது என்றும் பார்க்கப் பழக இந்நூல் உதவும்.

இத்துறைக்கு மூத்தவர் ஒருவரைச் சொல்லாமல் விட மனமில்லை. சியால்கோவ்ஸ்கி, ரஷியாவில் கலூகா என்ற ஊரிலே பள்ளி ஆசிரியர். பத்து வயதளவில் காய்ச்சலால் காது கேளாது போனவர். நூலகத்திலே தாமே படித்துத் தேறியவர். ராக்கெட்டின் கணிதத்தை 1903-இல் அச்சிட்டார். அதையே கதையாகவும் எழுதி, 1920-இல் நூலாக்கினார். பல நாட்டு அறிஞர்கள் கூடி ராக்கெட்டு கட்டி, விண்ணிலே பயிர் வளர்த்து மூச்சுக் காற்றும் உணவும் பெறுகிறார்கள். கதை நடக்கும் ஆண்டு 2017. அவர்கள் கூடி வாழும் இடம் எது தெரியுமா? இமயமலைக் கோட்டை! முப்பத்து முக்கோடித் தேவர்களுக்கு நம்மவர் பட்டா எழுதிக் கொடுத்த மலையிலே, அந்தச் செவிட்டு வாத்தியார் விஞ்ஞானிகளைக் குடியேற்றிவிட்டார்.

நமக்கும் முன்னோடி உண்டு. பெரியாரின் 'இனிவரும் உலகம்' கதையன்று, சொற்பொழிவு நடைக் கட்டுரை. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கம்பியில்லாத் தொடர்புக் கருவி இருக்கும் என்றும், ஆண் பெண் சேர்க்கையின்றியே பிள்ளை பிறக்கும் என்றும் அவர் எழுதியபோது நகைத்தார்கள். 1978-இல் இங்கிலாந்திலே சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. அவருக்கு முக்காலமும் தெரியும் என்று நாம் சொல்லமாட்டோம். சொன்னால் முதலில் கோபிப்பவர் அவரே. அன்றைய விஞ்ஞானம் போகிற திசையைப் பார்த்தார், அதே திசையில் நாலடி முன்னே எட்டிப் பார்த்தார்.

தம்பிக்கு இவ்வளவும் சொன்னோமா? இல்லை. 'தி மார்ஷியன்' நூலை மட்டும் கையில் கொடுத்து, "இதை உங்கள் அக்காவிடம் கொடுங்கள்" என்றோம். மிக நெருங்கிவரும் காலத்திலும் ஏறத்தாழ ஐந்தரைக் கோடி கிலோமீட்டர் தொலைவில் சுற்றும் கோள் அது என்றும், அதை நோக்கி இந்தியா அனுப்பிய மங்கள்யான், 2013 நவம்பர் 5, செவ்வாய்க்கிழமை அன்றுதான் புறப்பட்டது என்றும், அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது என்றும் ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்தோம்.

மூன்று வாரம் கழித்து நூல் திரும்பி வந்தது. உருளைக்கிழங்குக் கணக்கு வரும் பக்கங்களின் ஓரமெல்லாம் பென்சிலால் கூட்டல், பெருக்கல்! படிப்பக நூலில் எழுதக் கூடாது என்பது விதி. தண்டம் வசூலிக்க மனம் வரவில்லை. நாம் வைத்த தாளின் பின்புறம் நான்கு வரி இருந்தது. சாதகத்தை அம்மாவிடமிருந்து வாங்கித் தம் பெட்டியில் பூட்டிவிட்டாராம். இனி வருகிறவர்கள் சான்றிதழைப் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டாராம். அம்மா இரண்டு நாள் பேசவில்லையாம். கடைசி வரி: "ரெட் மார்ஸ் மூன்று பாகமும் சேர்த்தே அனுப்பவும்."