ஆலங்காட்டு அம்மை

திருவள்ளூர் வீரராகவர் கோயில் குளத்தில் அமாவாசைதோறும் வெல்லம் கரைக்கக் கூட்டம் சேரும். வெல்லம் கரைவதுபோல மருவும் தேமலும் கரைந்துவிடும் என்பது நம்பிக்கை. அந்தப் படிகளில் கல்யாண வயதுப் பெண்களின் முகங்களைப் பார்த்தால் வேண்டுதலின் அவசரம் புரியும்.

அங்கிருந்து அரக்கோணம் மின்சார ரயிலில் கொஞ்ச தூரம் போனால் திருவாலங்காடு. அங்கே வந்து தங்கிய ஒருவர் இதற்கு நேர்மாறாக வேண்டிக்கொண்டவர். கணவன் பரமதத்தனே தன்னைத் தெய்வமென்று காலில் விழுந்ததும், அவனுக்காகச் சுமந்த அழகு இனி எதற்கு, பேய் வடிவம் கொடு என்று சிவனிடம் கேட்டார் காரைக்கால் அம்மையார். கொடுத்தான். கண்டவர்கள் அஞ்சி ஓடினார்கள். இந்த இடத்தில், 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார் அம்மையார் வாயில் ஒரு கேள்வியை வைக்கிறார். என்னை அறிய வேண்டியவன் அறிந்திருக்கும்போது, அறியாத மக்கள் கண்ணுக்கு நான் எப்படித் தெரிந்தால் என்ன?

பெரியபுராணத்தில் அற்புதங்களுக்குக் குறைவில்லை. எனக்கு இந்தக் கேள்விதான் பேரற்புதம். உடம்பைப் பழிக்கும் புலம்பல் இதில் துளியும் கிடையாது. யார் பார்வையைப் பொருட்படுத்துவது என்பதை மட்டும் அம்மையார் முடிவு செய்துகொள்கிறார். ஊரார் ஓடினார்கள், பின்னால் வந்த சம்பந்தரோ, அம்மையார் தலையால் நடந்த மண் என்று ஆலங்காட்டில் கால் வைக்கவே தயங்கினார்.

அம்மையாரே பாடிய மூத்த திருப்பதிகத்தைப் படிக்க வேண்டும். வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த வயிறு, வெளுத்த பல் என்று பேய்மகளின் உடம்பை நின்று நிதானமாகப் பார்த்துச் சொல்கிறார். கண்ணை எங்கும் திருப்பிக்கொள்ளவில்லை. தன் பெயரையும் காரைக்கால் பேய் என்றே பதித்துவிடுகிறார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் சோழர் காலத்து அம்மையார் சிலை ஒன்று இருக்கிறது. எலும்பும் தோலுமான உடம்பு, கையில் தாளம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி எங்கள் தெருவில் இருக்கிறாள். உதட்டோரம் வெண்புள்ளி வந்திருக்கிறது. கொரோனா ஓய்ந்து ஊரே மாஸ்க்கைக் கழற்றிய பிறகும் அவள் கழற்றவில்லை. விடியற்காலை கம்பெனி பஸ்ஸில் ஏறும்போதே முகத்தில் இருக்கும். "வலியெல்லாம் இல்லக்கா. பேசுறவங்க கண்ணு அங்கயே போய் நிக்குது" என்றாள். தோலுக்கு நிறம் தரும் செல்கள் அழிவதால் வருவது, தொட்டால் ஒட்டாது என்று டாக்டர் சொல்லி அவளுக்குத் தெரியும். கேன்டீனில் தள்ளி உட்காருகிறவர்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

அம்மையார் கேட்டு வாங்கினார், இவள் கேட்கவில்லை. ஆகவே அம்மையாரைப் பார், உன்னை நீயே ஏற்றுக்கொள் என்று இவளுக்குப் புத்தி சொல்ல எனக்கு மனம் வராது. அம்மையாருக்கே அறிந்தவன் ஒருவன் தேவைப்பட்டான். கயிலையில் அவன் 'அம்மையே' என்று அழைத்தான். தன்னந்தனியாக யாரால் முடியும்?

லைனில் இவள் பக்கத்தில் நிற்பது ஒடிசாப் பெண். சாப்பாட்டு நேரத்தில் எதிரில் வந்து உட்காருகிறாளாம். அவள் முன்னால் மாஸ்க்கைக் கழற்றத் தயக்கமே வருவதில்லையாம். அவளுக்குத் தமிழ் அரைகுறை, இவளுக்கு இந்தி அரைகுறை. ஓவர்டைம் பணம் எப்போது ஏறும் என்பதுதான் பெரும்பாலும் பேச்சு.