அக்கா பையனும் ஆறரை மீட்டரும்

எங்க ஊரு ஆலங்காயம். எங்க இருக்குன்னு கேக்கறவங்களுக்கு: வாணியம்பாடியில எறங்கி ஜவ்வாது மலையைப் பாத்து வந்தீங்கன்னா வரும். இன்னும் மேல போனா காவலூர். அங்க 2.34 மீட்டர் தொலைநோக்கியை வெச்சுக்கிட்டு நட்சத்திரம் பாக்கறாங்க. எனக்கு இந்தப் பொங்கலுக்கு வெறுங்கண்ணாலயே ஒரு ஸ்டாரைக் கண்டுபிடிக்கிற வேலை வந்து சேர்ந்தது :-)

ஸ்டார் வேற யாருமில்ல, எங்க அக்கா பையன். காலேஜ்ல கடைசி வருஷம். நூறு மீட்டர்ல அவனை அங்க யாரும் முந்தினதில்லை. கபடியில ரெய்டர். புரோ கபடிக்குப் போயே தீருவேன், அதுக்கு சென்னையில ஒரு வருஷம் தங்கி பயிற்சி எடுக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கறான். மாமா ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில வேலை பாக்கறார். பரீட்சை முடிஞ்சதும் பையனையும் அங்கயே சேத்துவிட சொல்லி வெச்சிருக்கார். சென்னைக்குப் போறதுன்னா அக்காவோட நகை பேங்குக்குப் போகணும்.

"நீதான் ஒரு காலத்துல கபடி கபடின்னு சுத்திக்கினு இருந்தியே. ஒரு தபா பாத்து சொல்டா, தேறுவானா மாட்டானா?"ன்னு கேட்டா அக்கா.

எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. காரணம் இருக்கு. எனக்குப் பத்தொன்பது வயசு இருக்கும்போது ஒரு பெரியவர் என் ஆட்டத்தைப் பாத்துட்டு தோளைத் தட்டி, "நீ எங்கியோ போய்டுவடா"ன்னார். அதை நம்பி முட்டி வலியோட ஆடி ஆடி, கடைசியில நான் போனது எலும்பு டாக்டர்கிட்ட. அவர் நல்ல மனசுலதான் சொன்னார். ஆனா அந்த ஒரு வார்த்தைக்கு நான் குடுத்த விலை ரெண்டு வருஷம்.

சரின்னு மாட்டுப் பொங்கல் ராத்திரி பக்கத்து கிராமத்து மேட்ச்சுக்கு ஒரு நோட்டோட போனேன். பையன் பாடிப் போறப்ப கூட்டம் எழுந்து நின்னு கத்துது. நிஜமாவே மின்னல்தான். முதல் பாதியில ஏழு ரெய்டு, நாலு பாயிண்ட். எனக்கே புல்லரிச்சுப் போச்சு. ரெண்டாம் பாதியில ஆறு ரெய்டு, அதுல நாலு தடவை பிடிபட்டான். நோட்டைப் புரட்டிப் பாத்தா நாலும் ஒரே மூலை. பையன் எப்பவுமே இடது பக்கமாத்தான் திரும்பறான். அந்தப் பக்கத்து கார்னர்க்காரன் தொப்பையும் தொந்தியுமா மெதுவா நடக்கற ஆளு. முதல் பாதி முழுக்க சும்மா நின்னு பாத்துட்டு, அப்புறம் கணுக்காலைப் பிடிச்சுட்டான். அவ்ளோதான்.

வீட்டுக்கு வந்து கணக்கு போட்டேன் மக்களே. ஆம்பளைங்க கபடி கோர்ட் 13 மீட்டர் நீளம். நம்ம பக்கம் பாதி, எதிராளி பக்கம் பாதி. அப்ப ரெய்டர் ஓடறதுக்கு இருக்கறது ஆறரை மீட்டர். அதுலயும் 3.75 மீட்டர்ல ஒரு கோடு, 4.75ல போனஸ் கோடு. நூறு மீட்டர் ஓட்டக்காரன் முழு வேகம் எடுக்கறதுக்குள்ள பின்கோடே வந்துடும். ஆக இங்க வேகம்னா ஓடற வேகம் இல்ல. நிக்கிற வேகம், திரும்பற வேகம். முப்பது செகண்ட்ல எப்ப ஓடணும்னு முடிவெடுக்கற வேகம்.

இது நம்ம ஊர் கதை மட்டும் இல்ல. அமெரிக்காக்காரங்க அவங்க ஃபுட்பாலுக்கு காலேஜ் பசங்களை எடுக்கறதுக்கு முன்னாடி 40 கெஜம் ஓடவிட்டுப் பாப்பாங்க. 2017ல ஜான் ராஸ்னு ஒரு பையன் அதை 4.22 செகண்ட்ல ஓடி சாதனை பண்ணார். சின்சினாட்டி அணி ஒன்பதாவது ஆளா அள்ளிக்கிட்டுப் போச்சு. பந்து பிடிக்கறதுதான் அவரோட வேலை. முதல் சீசன்ல ஒரு பந்து கூட பிடிக்கல. அதே இடத்துல ஆடின ஜெர்ரி ரைஸ் 1985ல வந்தப்ப, இவருக்கு வேகம் பத்தாதுன்னு பேசினாங்க. 1549 பந்து பிடிச்சுட்டுத்தான் அவர் ஓய்ஞ்சார். நம்ம பர்தீப் நர்வாலையே எடுத்துக்கங்க. 2017 சீசன்ல 369 ரெய்டு பாயிண்ட். அவரோட பேர் சொல்ற வித்தை ஓட்டம் இல்ல, 'டுப்கி'. சங்கிலியா கையைக் கோத்துக்கிட்டு வர்றவங்களுக்கு அடியில குனிஞ்சு வெளிய வர்றது.

மறுநாள் காலையில பையனை கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போய் நோட்டைக் காட்டினேன். முகம் செத்துப் போச்சு.

"அப்ப நான் வேஸ்ட்டா மாமா?"

"உன் வேகம் நிஜம்டா. அது சொல்லிக் குடுத்து வராது. திரும்பறது சொல்லிக் குடுத்தா வரும். ஆனா அதுக்கு சென்னையும் வேணாம், உங்கம்மா நகையும் வேணாம்."

"பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தாங்க மாமா."

"ஆமா, 2022ல தமிழ் தலைவாஸ் எடுத்தாங்க. முதல் மேட்ச்லயே முட்டியில அடி, சீசன் முழுக்க வெளிய உக்காந்திருந்தார். அவருக்கே அப்படின்னா?"

ரொம்ப நேரம் மண்ணைக் கிளறிக்கிட்டு இருந்தான். அப்புறம், "சரி, இன்னா பண்ணணும், சொல்லு"ன்னான்.

சுண்ணாம்புல ஆறரை மீட்டருக்குக் கோடு போட்டோம். வலது பக்கம் திரும்பறது மட்டும் ஐம்பது தடவை. இருபதைத் தாண்டறதுக்குள்ள மூணு தடவை விழுந்தான்.

அக்காகிட்ட, "வேலையில சேரட்டும், ஒரு வருஷம் காலையில பயிற்சி, அப்புறம் செலக்‌ஷனுக்கு அனுப்பு"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அக்காவுக்கு நிம்மதி. பையன் என்னை பஸ் ஏத்திவிட வரல.

நான் கோச் கிடையாது. ஒரு ராத்திரி ஆட்டத்தையும் ஒரு நோட்டையும் வெச்சு தீர்ப்பு சொல்லிட்டேன். அன்னிக்கு அந்தப் பெரியவர் ஏத்திவிட்டது தப்புன்னா, இன்னிக்கு நான் இறக்கிவிட்டதும் தப்பா இருக்கலாம் இல்லையா? ஒரு வாரமா இதே நினைப்பு.

நேத்து ராத்திரி போன் வந்தது. ஹலோ இல்ல, மாமா நல்லா இருக்கியா இல்ல.

"நாப்பத்தி ரெண்டு மாமா. விழாம."

டிஸ்கி: உங்க வீட்டுல இப்படி ஒரு மின்னல் இருந்தா, தோளைத் தட்டறதுக்கு முன்னாடி எந்தப் பக்கம் திரும்பறான்னு பாத்துடுங்க.