சக்கரத்துக்குக் கோலம்

புதுச்சேரிக்குப் போய் வந்தேன் என்று சொன்னால், நேயர்களே, உங்களுக்கு உடனே என்னென்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். கடற்கரைச் சாலை, காந்தி சிலை, மணக்குள விநாயகர், அரவிந்தாசிரமம், சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரர். இவற்றை நீங்கள் நேரிலோ படத்திலோ பல தடவை பார்த்திருப்பீர்கள். ஆகையால் இந்த வாரம் உங்களைக் கடல் இல்லாத புதுச்சேரிக்கு அழைத்துப் போகிறேன். ஊரின் பெயர் சேதராப்பட்டு.

நகரத்திலிருந்து வடமேற்கே, மயிலம் முருகனைத் தரிசிக்கப் போகிற ரஸ்தாவில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் பிரயாணம். ஜன்னலோரமாக உட்கார்ந்து கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே வாருங்கள். ஒரு கடையில் 'புதுச்சேரி' என்றிருக்கும். சற்றுத் தூரம் போனால் 'விழுப்புரம் மாவட்டம்' என்றிருக்கும். இன்னும் சற்றுத் தூரத்தில் மறுபடியும் புதுச்சேரி! பிரெஞ்சுக்காரர்களின் பூமி இப்படித்தான் அவியலில் போட்ட காய் மாதிரி துண்டு துண்டாக இருந்தது. 1954 நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்து, 1962 ஆகஸ்டு 16-ல் சட்டப்படியும் இணைந்த பிறகும், அந்தத் துண்டுகள் அப்படியே இருக்கின்றன.

கடல் இல்லாத ஊர் என்றேன் அல்லவா? ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது. சேதராப்பட்டையும் அடுத்த கரசூரையும் சுற்றியுள்ள சுண்ணாம்புப் பாறைகளில், ஆறரைக் கோடி வருஷத்துக்கும் முந்தைய கடற் சிப்பிகள் கல்லாகிக் கிடக்கின்றன. புதுச்சேரிப் பக்கத்தில் திரட்டிய இத்தகைய சிப்பிகளைப் பற்றி எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற ஆங்கிலேயர் 1846-லேயே லண்டனில் எழுதி வைத்துவிட்டார். இன்றைக்கு அந்தப் பழைய கடலின் மேல் பிப்டிக் அமைத்த தொழிற்பேட்டை நிற்கிறது. தொழிற்சாலைகளைச் சுற்றி லாரிகள். லாரிகளைச் சுற்றிப் பட்டறைகள்.

நான் போகக் கிளம்பியது திருவக்கரைக்கு. வக்கிரகாளியம்மனையும், அங்கேயுள்ள கல்மரங்களையும் பார்த்துவிட்டு வந்து உங்களுக்கு அழகாக ஒரு கட்டுரை எழுதுவதாக உத்தேசம். ஆனால் என் வாடகைக் கார் சேதராப்பட்டில் பஞ்சர் ஆகிவிட்டது. பஞ்சர் கடைக்குப் பக்கத்திலே ஒரு லாரிப் பட்டறை. அதன் வாசலில் ஒரு சின்ன லாரி நின்றது. அதற்குப் பக்கத்தில் ஒரு புருஷனும் மனைவியும், ஒருவரோடு ஒருவர் பேசாமல் நின்றார்கள்.

வண்டியைப் பார்த்ததும் எனக்கே ஏதோ பொருந்தாத மாதிரி தோன்றியது. அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு தம்பி பள்ளிக்கூடத்துக்குப் போவானே, அந்த மாதிரி! சக்கரங்கள் பெரிதாக இருந்தன. முன் மட்கார்டின் விளிம்பை யாரோ காஸ் வைத்து வெட்டி எடுத்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். அந்தத் தம்பதிகளுக்கு இந்த வண்டிதான் ஜீவனம். திருவக்கரைப் பக்கத்துக் கல் குவாரிகளிலிருந்து ஜல்லி ஏற்றுவார்கள். தொழிற்பேட்டையிலிருந்து அட்டைப் பெட்டி ஏற்றுவார்கள். குவாரிப் பாதையில் வண்டியின் அடி தட்டுகிறது என்று, அவர் யார் பேச்சையோ கேட்டு, பெரிய சக்கரமாக நான்கு வாங்கி மாட்டினார். பணத்துக்காக மனைவியின் கம்மல் அடகுக் கடைக்குப் போயிற்று. மாட்டிய மறுநாளே சத்தம் வந்துவிட்டது. திரும்பினால் 'கர்ர்', பள்ளத்தில் இறங்கினால் 'பர்ர்'. வேறு ஒரு பட்டறையில் மட்கார்டை வெட்டிப் பார்த்தார்கள். அப்படியும் சத்தம் நிற்கவில்லை.

"நான் சொன்னேன் அண்ணே, உள்ளாற எங்கேயோ தேயுதுன்னு. இவரு காதுல வாங்கல" என்றாள் அந்த அம்மாள்.

"ரேடியோவைக் கொஞ்சம் சத்தமா வெச்சா கேட்காது மேஸ்திரி" என்றார் புருஷன், அரை வேடிக்கையாக. யாரும் சிரிக்கவில்லை.

மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். அவர் முதலில் ஸ்பானரை எடுக்கவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு டயரின் பக்கத்தில் எழுதியிருந்ததைப் படித்தார். சகோதரிகளே, புடவையின் நீள அகலத்தை விசாரிக்கிற நீங்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டுக் காருக்கும் உதவும். பழைய டயர் 215/75 ஆர் 15. புதியது 235/75 ஆர் 15. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு டயரின் பக்கச் சுவர் உயரம் என்பது. 'ஆர்' என்றால் ரேடியல். கடைசி எண், உள்ளே இருக்கும் டிஸ்கின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போட்டால் புதிய டயர் 20 மில்லிமீட்டர் அகலம் கூடுதல். மொத்த உயரத்தில் 30 மில்லிமீட்டர் கூடுதல். சக்கரத்தில் பாதிதானே அச்சுக்குக் கீழே இருக்கிறது? ஆகவே வண்டி உயர்வது வெறும் 15 மில்லிமீட்டர்! ஒரு சுண்டுவிரல் அகலத்துக்காக ஒரு ஜோடிக் கம்மல். அதோடு வேகம் காட்டும் முள்ளும் பொய் சொல்லும். அது 60 என்று காட்டும்போது வண்டி ஏறக்குறைய 62½-ல் போய்க்கொண்டிருக்கும்.

(டயர் என்றதும் ஒரு விஷயம். இதே புதுச்சேரியின் ஏரிப்பாக்கத்தில் எம்.ஆர்.எஃப். தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. அந்தக் கம்பெனி 1946-ல் திருவொற்றியூரில் ஆரம்பித்தபோது செய்தது என்ன தெரியுமா? குழந்தைகள் விளையாடும் பலூன்!)

"எங்கே தேயுதுன்னு தெரியாம வெட்டக் கூடாது தம்பி. சாக்பீஸ் இருக்கா?" என்றார் மேஸ்திரி.

சாக்பீஸ் இல்லை. அந்த அம்மாள் பக்கத்து டீக்கடைக்குப் போய் ஒரு கை கோலமாவு வாங்கி வந்து, தண்ணீரில் குழைத்து, மேஸ்திரி காட்டிய இடங்களிலெல்லாம் பூசினாள். மட்கார்டின் உட்புறம், சேஸிஸின் ஓரம், ஸ்பிரிங் பட்டையின் பக்கம். மாவு காய்ந்ததும் ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, லோடோடு தொழிற்பேட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வரச் சொன்னார். எங்கே வெள்ளை அழிந்து கறுப்பு தெரிகிறதோ, அங்கே டயர் படுகிறது என்று அர்த்தம். ரொம்பச் சுலபமான பரீட்சை அல்லவா?

வண்டி திரும்பி வந்தது. வெட்டின மட்கார்டில் மாவு அப்படியே இருந்தது. பட்டையின் பக்கத்தில் அழிந்திருந்தது. மேஸ்திரி ஒரு பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை ஒடித்துவிட்டு, கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் பேசாமல் அந்த மனிதரைக் கூப்பிட்டுக் காட்டினார். நானும் குனிந்து பார்த்தேன். சக்கரத்துக்குப் போகிற பிரேக் ஹோஸ், அந்த ரப்பர் குழாய், ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்து உள்நூல் தெரிய இருந்தது.

அது அறுந்தால் பிரேக் ஆயில் வெளியே போய்விடும். வண்டியில் ஜல்லி. திருவக்கரை ரஸ்தா. அந்த மனிதர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

இனி என்ன வழி என்று பேச்சு நடந்தது. ஸ்டீரிங்கின் ஸ்டாப்பர் போல்ட்டை நீட்டிவிட்டால் சக்கரம் அவ்வளவு ஒடியாது, தேயாது. ஆனால் தொழிற்சாலை கேட்டுக்குள் வண்டியைத் திருப்பவும் முடியாது. ஸ்பேசர் வளையம் வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளலாம். பேரிங்குக்குப் பாரம் கூடும், கல்லும் சேறும் பின்னால் வருகிறவர் மேல் தெறிக்கும். மேஸ்திரிக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. சட்டத்துக்கும் பிடிக்காது. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்தவர் நிர்ணயித்ததை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியிருக்கிறது.

"அதெல்லாம் இருக்கட்டும். அடி ஏன் தட்டிச்சு, அதைச் சொல்லு முதல்ல" என்று கேட்டார் மேஸ்திரி.

அதை அதுவரை ஒருவரும் கேட்கவே இல்லை! பட்டையைக் கழற்றினார்கள். வருஷக் கணக்காக ஜல்லி சுமந்து, வில் மாதிரி வளைந்திருக்க வேண்டிய பட்டை நிமிர்ந்து பலகையாகி இருந்தது. இடது பக்கத்து இரண்டாவது பட்டையில் விரிசலே விட்டிருந்தது. வண்டி தாழ்ந்து போனது அதனால்தான். சக்கரம் நிரபராதி.

"புதுசா ஒரு பட்டை. மத்ததைக் காய்ச்சி வளைவு எடுத்துடலாம். ஹோஸ் புதுசு. பழைய சைஸ் டயரையே மாட்டு" என்றார்.

அந்த மனிதர் மனைவியின் முகத்தைப் பார்க்காமலே, "அந்த டயரை வந்த விலைக்குத் தள்ளிடலாமா?" என்று கேட்டார். அன்று அவளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

"தள்ளுங்க. கம்மலை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றாள் அவள்.

என் பஞ்சர் எப்போதோ ஒட்டியாகிவிட்டது. எனக்குத்தான் நகர மனம் வரவில்லை. அன்றைக்குத் திருவக்கரை போய்விட்டு இருட்டோடு புதுச்சேரி சேர்ந்தேன். மறுநாள் சாயங்காலம் ஆவல் தாங்காமல் மறுபடியும் சேதராப்பட்டுக்குப் பஸ் ஏறினேன்.

வண்டி கீழே இறங்கி நின்றது. பழைய டயர்களோடு பார்க்கக் கொஞ்சம் ஏழையாகத்தான் இருந்தது. ஆனால் அடியில் ஒரு சாண் இடைவெளி நன்றாகத் தெரிந்தது. அந்த அம்மாள் மீதிக் கோலமாவைக் குழைத்துப் பூசி முடித்திருந்தாள். லோடு ஏற்றி, இரண்டு பக்கமும் ஒடித்து, பெரிய பள்ளமாகப் பார்த்து இறக்கி ஏற்றி ஓட்டி வந்தார் அவர். அவள் பக்கத்து ஸீட்டில் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காதைக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மேஸ்திரி டார்ச்சோடு குனிந்து பார்த்தார். வெள்ளை எங்கும் அழியவில்லை.

"சத்தம்?" என்று கேட்டார்.

"இவரு பேசுற சத்தந்தான் அண்ணே. நேத்திலிருந்து விட்டுப் போனதையெல்லாம் சேர்த்துப் பேசிக்கிட்டு வராரு" என்றாள் அவள்.